கவலை மீனா, மார்கழிப் பனியா?

கடலூர் முதுநகரில் எங்கள் பெரியப்பா பல வருடம் மீன் ஏலத்தில் வேலை பார்த்தவர். ஒரு மார்கழி இரவு, மூன்று மணி இருக்கும், வலது கால் கட்டைவிரல் மூட்டு நெருப்பாய் எரிகிறது என்று எழுந்து உட்கார்ந்துவிட்டார். போர்வை பட்டால்கூடத் தாங்கவில்லை. விடிந்தபோது விரல் சிவந்து, தோல் பளபளவென்று வீங்கியிருந்தது. எங்கும் இடித்துக்கொள்ளவில்லை, முள்ளும் குத்தவில்லை. பெரியம்மாவுக்குச் சந்தேகமே இல்லை. "நேத்து அவ்வளவு கவலை மீனை வறுத்துச் சாப்பிட்டா வேற என்ன ஆகும்?" என்றார். பெரியப்பா ஒப்புக்கொள்ளவில்லை. "மீன் இல்லம்மா, பனி. விடியக்காலம் ஐஸ் தண்ணியில நின்னதுதான்."

இருவர் சொன்னதிலும் உண்மை இருந்தது. ஆனால் நோயின் வேர் மீனிலும் இல்லை, பனியிலும் இல்லை. அது தெரியாததால் பெரியப்பா இரண்டு வருடம் மீனை விட்டுப் பார்த்தார், எண்ணெய் தேய்த்துப் பார்த்தார், சுளுக்கு எடுத்துப் பார்த்தார். வலி போய்ப் போய்த் திரும்பி வந்தது. நம் கடற்கரை ஊர்களில் இப்படிப்பட்ட வீடுகள் நிறைய இருக்கின்றன. அவர்களுக்காகவே இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

நோயின் பெயர் கவுட். தமிழில் கீல்வாதம் என்று சொல்வதுண்டு. ஆனால் தேய்மானம், முடக்குவாதம் என்று எல்லா மூட்டு நோய்க்கும் அதே சொல்லைப் போட்டுவிடுவதால் குழப்பம்தான் மிஞ்சுகிறது. அதனால் கவுட் என்றே வைத்துக்கொள்வோம்.

நம் உடலில் தினமும் பழைய செல்கள் அழிந்து புதியவை உருவாகின்றன. அழியும் செல்களில் இருக்கும் பியூரின் என்ற பொருள் சிதைந்து கடைசியில் யூரிக் அமிலமாகிறது. சாப்பாட்டில் வரும் பியூரினும் அதே வழியில்தான் போகிறது. கணக்குப் பார்த்தால் யூரிக் அமிலத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு உடலே உண்டாக்குவது, ஒரு பங்குதான் தட்டிலிருந்து வருவது. பெரும்பாலான விலங்குகளிடம் யூரிக் அமிலத்தை மேலும் உடைத்து, எளிதில் கரையும் பொருளாக மாற்ற யூரிகேஸ் என்ற நொதி உண்டு. மனிதக் குரங்குகளும் நாமும் பரிணாமத்தின் வழியில் அதை இழந்துவிட்டோம். ஆகவே சிறுநீரகமும் குடலும்தான் அதை வெளியேற்ற வேண்டும். யூரிக் அமிலம் அதிகமாக இருப்பவர்களில் பத்தில் ஒன்பது பேருக்குச் சிக்கல் அங்கேதான். அவர்கள் உடல் அதிகமாக உண்டாக்குவதில்லை, சிறுநீரகம் குறைவாக வெளியேற்றுகிறது.

வெளியேறாத யூரிக் அமிலம் ரத்தத்தில் யூரேட் என்ற உப்பாகக் கரைந்து கிடக்கிறது. கரைவதற்கு ஓர் எல்லை உண்டு. உடலின் இயல்பான 37 டிகிரி வெப்பத்தில் 100 மில்லி ரத்தத்தில் சுமார் 6.8 மில்லிகிராம். அதற்கு மேல் போனால் மூட்டுக்குள் ஊசி போன்ற நுண்ணிய படிகங்களாகப் படியத் தொடங்கும். 1679-இல் டச்சு அறிவியலாளர் லேவன்ஹூக் தன் நுண்ணோக்கியில் கவுட் கட்டியிலிருந்து எடுத்த பொருளைப் பார்த்து, ஊசி வடிவத் துகள்கள் என்று எழுதிவைத்தார். ஆனால் வலி வந்த மூட்டின் நீரில் இருப்பது யூரேட் படிகமே என்று அமெரிக்க மருத்துவர்கள் மெக்கார்ட்டியும் ஹாலண்டரும் காட்டியது 1961-இல்தான்.

கரைந்த உப்பு ஏன் படிகமாகிறது என்று நம் ஊர்க்காரர்களுக்குப் புரியவைப்பது எளிது. புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் மரக்காணம் உப்பளம். பாத்தியில் கட்டிய நீர் வெயிலில் வற்ற வற்ற உப்பு பூக்கிறது. நீர் குறைந்தால் படிகம் வரும், இது ஒரு வழி. இன்னொரு வழி அடுக்களையில் இருக்கிறது. கெட்டியாகக் காய்ச்சிய சர்க்கரைப் பாகு சூடாக இருக்கும்வரை தெளிவாக இருக்கும், ஆறினால் ஓரமெல்லாம் பூத்துப் போகும். நீர் அப்படியே இருந்தும், வெப்பம் குறைந்ததால் கரைத்துவைக்கும் திறன் போய்விடுகிறது. கவுட் வலிக்கு இந்த இரண்டு வழியும் உண்டு. வெயில் காலம் உப்பள வழி, பனிக் காலம் பாகு வழி.

பாகு வழியை எண்ணில் பார்க்கலாம். யூரேட் கரையும் எல்லை 37 டிகிரியில் 6.8 என்றால், 35 டிகிரியில் 6-க்கு அருகில் வந்துவிடுகிறது. 30 டிகிரியில் 4.5-தான். 1972-இல் உப்புக் கரைசலில் அளந்து சொன்ன கணக்கு இது. மூட்டு நீரில் புரதமும் மற்றவையும் கலந்திருப்பதால் அப்படியே எழுத்துக்கு எழுத்து பொருந்தாது. ஆனால் போக்கு அதுதான். உடல் வெப்பம் 37 என்கிறோமே, அது நெஞ்சுக்குள்ளும் வயிற்றுக்குள்ளும் இருக்கும் வெப்பம். முழங்கால் மூட்டிலேயே வெப்பம் அதைவிடச் சில டிகிரி குறைவு. கணுக்கால் இன்னும் குறைவு. இதயத்திலிருந்து கடைசி எல்லையில் கிடக்கும் கட்டைவிரல், ஈரத் தரையில் வெறுங்காலாக நின்றால் 30-க்குக் கீழே எளிதாகப் போகும். ரத்தத்தில் 7 என்ற அளவு தொடைக்குப் பெரிய விஷயமில்லை, கட்டைவிரலுக்கு அது தாங்க முடியாத அளவு. கவுட் பெரும்பாலும் கட்டைவிரலில் தொடங்குவதற்கும், நாள்பட்டவர்களுக்குக் காது மடலின் விளிம்பில் வெள்ளைக் கட்டிகள் வருவதற்கும் இந்தக் குளிர்ச்சி ஒரு காரணம் என்று கருதப்படுகிறது. நாள் முழுக்க உடல் எடையைத் தாங்கித் தேய்வதும் கட்டைவிரலுக்கு இன்னொரு காரணம்.

அப்புறம், ஏன் ராத்திரியில்? படுத்தபின் உடல் வெப்பம் சற்று இறங்குகிறது. மணிக்கணக்காகத் தண்ணீர் குடிப்பதில்லை. வீக்கத்தை அடக்கிவைக்கும் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் நடு இரவில் குறைந்திருக்கும். பகலில் நடந்து மூட்டில் சேர்ந்த நீர், கால் நீட்டிப் படுத்ததும் திரும்ப உறிஞ்சப்படுகிறது. யூரேட் அவ்வளவு வேகமாக வெளியேறாது என்பதால் மூட்டுக்குள் செறிவு கூடுகிறது என்பது ஒரு விளக்கம். 2015-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், நள்ளிரவு முதல் காலை எட்டு மணிவரை கவுட் வலி தொடங்கும் வாய்ப்பு பகலைவிட ஏறக்குறைய 2.4 மடங்கு என்று தெரிந்தது. இங்கிலாந்து மருத்துவர் தாமஸ் சைடன்ஹாம் 1683-இலேயே தன் சொந்த நோயை வைத்து எழுதியிருக்கிறார்: ஜனவரி முடிவிலோ பிப்ரவரி தொடக்கத்திலோ, நன்றாகத் தூங்கப்போன மனிதன் இரவு இரண்டு மணிக்குக் கட்டைவிரல் வலியில் விழிப்பான், போர்வையின் பாரத்தைக்கூடத் தாங்கமாட்டான். அதைப் படித்தபோது எனக்குப் பெரியப்பா உட்கார்ந்திருந்த கட்டில்தான் கண்முன் வந்தது.

படிகம் இருந்தாலே வலி வருவதில்லை. வருடக்கணக்காகச் சத்தமில்லாமல் கிடக்கும். ஒருநாள் வெள்ளை அணுக்கள் அதை அந்நியப் பொருளாக நினைத்து விழுங்கப் போகும்போதுதான் அழற்சி பற்றிக்கொள்கிறது. செல்லுக்குள் அந்த எச்சரிக்கை மணியை அடிக்கும் அமைப்பை 2006-இல் கண்டுபிடித்தார்கள். ஆக, இரண்டு கேள்விகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். படிகம் ஏன் சேர்ந்தது என்பது ஒன்று, இன்றைக்கு ஏன் பற்றிக்கொண்டது என்பது இன்னொன்று. குளிரும் நேற்றைய சாப்பாடும் பெரும்பாலும் இரண்டாவது கேள்விக்கான பதில்கள்.

குளிர் காலத்தில்தான் கவுட் அதிகம் என்று இதை வைத்து முடிவுகட்ட முடியாது. வெவ்வேறு நாட்டு ஆய்வுகள் வெவ்வேறு பருவத்தைக் காட்டுகின்றன. 2014-இல் வந்த ஒரு பெரிய அமெரிக்க ஆய்வு இதற்கு நேர்மாறாகவே சொன்னது. முந்தைய இரண்டு நாள் வெயில் அதிகமாக இருந்தால், மிதமான நாட்களைவிட வலி வரும் வாய்ப்பு சுமார் 40 சதவீதம் கூடியது. வெயிலோடு காற்றில் ஈரமும் இல்லாத நாட்களில் வாய்ப்பு இரட்டிப்பானது. உடலில் நீர் வற்றுவதுதான் காரணமாக இருக்கும் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். மரக்காணம் உப்பளம் இங்கே வந்துவிடுகிறது. நம் கடற்கரையில் காற்று ஈரமாகவே இருக்கும். ஆனாலும் அக்னி நட்சத்திரத்தில் தேவனாம்பட்டினம் மணலில் வலை சரிசெய்பவர் வேர்வையாக விடும் நீருக்கு ஈரக்காற்று ஈடாகாது. அதே மாதங்களில்தான் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், கருவாடு வீட்டில் அதிகம் புழங்கும் காலம். கருவாட்டில் நீர் போய்விட்டதால் அதே எடைக்குப் பியூரின் கூடுதல், உப்பும் கூடுதல்.

மார்கழியையும் இப்படித்தான் நிதானமாகப் பார்க்க வேண்டும். கடலூரில் மார்கழி விடியல் என்பது 20 டிகிரியை ஒட்டித்தான். ஐரோப்பியக் குளிரோடு அதை ஒப்பிடவே முடியாது. ஆனால் அந்த மாதத்தில் குளிர் தனியாக வருவதில்லை. தாகம் எடுப்பதில்லை என்று தண்ணீர் குறைகிறது. வைகுண்ட ஏகாதசிக்குச் சிலர் சொட்டுத் தண்ணீர் இல்லாமல் விரதம் இருக்கிறார்கள். பட்டினி நீளும்போது உடல் கொழுப்பை எரித்து உண்டாக்கும் கீட்டோன்கள், சிறுநீரகத்தில் யூரிக் அமிலம் வெளியேறும் வழியை அடைத்துக்கொள்கின்றன. புதுச்சேரியில் டிசம்பர் 31 இரவு கடற்கரைச் சாலையில் கூடும் கூட்டமும், பீரும் நமக்குத் தெரியும். இரண்டு வாரத்தில் மாட்டுப் பொங்கல், கறி விருந்து. இத்தனையும் ஏறக்குறைய ஒரு மாத இடைவெளிக்குள் நடக்க, பழி மட்டும் பனிக்குப் போகிறது. என் கணிப்பு, மார்கழி வலியில் பனிக்கு ஒரு பங்கு உண்டு, ஆனால் அந்தப் பருவத்தில் நாம் வாழும் விதத்துக்கு அதைவிடப் பெரிய பங்கு உண்டு.

குளிர்தான் படிகத்தைக் கூட்டும் என்றால் வலிக்கும் விரலில் ஐஸ் வைக்கலாமா என்று கேட்பார்கள். வைக்கலாம். வலி பற்றிக்கொண்ட மூட்டு ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருக்கிறது. ஐஸை வைத்து எடுப்பது வலியைக் குறைக்கிறது என்று 2002-இல் 19 நோயாளிகளை வைத்துச் செய்த சிறிய ஆய்வு காட்டியது. நம் வீடுகளில் முதலில் செய்வது வெந்நீர் ஒத்தடமும், தைலம் தேய்த்து அழுத்தி உருவிவிடுவதும். கவுட் விரலை உருவுவது பெரிய கொடுமை. தயவுசெய்து செய்யாதீர்கள்.

இனி சாப்பாட்டுக்கு வருவோம். பெரியம்மா சொன்ன கவலை, மத்தி, நெத்திலி, கானாங்கெளுத்தி இவை எல்லாம் பியூரின் அதிகமுள்ள மீன்களே. ஆட்டு ஈரல், சுவரொட்டி, குடல் இன்னும் அதிகம். 2004-இல் வெளியான ஆய்வில் 47,150 அமெரிக்க ஆண்களை 12 வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். 730 பேருக்குப் புதிதாகக் கவுட் வந்தது. கறி அதிகம் சாப்பிட்டவர்களுக்கு, குறைவாகச் சாப்பிட்டவர்களைவிட வாய்ப்பு 41 சதவீதம் கூடுதல். மீனும் கடல் உணவும் அதிகம் சாப்பிட்டவர்களுக்கு 51 சதவீதம். பியூரின் உள்ள காய்கறி, பருப்பு, கீரைக்கு அப்படி எந்தத் தொடர்பும் தெரியவில்லை. பால் பொருள் அதிகம் எடுத்தவர்களுக்கு வாய்ப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது.

நம் வீட்டுப் பத்தியம் இதற்கு அப்படியே தலைகீழ். மூட்டு வலி என்றால் முதலில் தட்டிலிருந்து போவது தயிரும் மோரும், 'குளிர்ச்சி' என்று. அடுத்தது பருப்பு, 'வாயு' என்று. அந்த இடத்தில் வருவது ஆட்டுக்கால் சூப். கறியையும் எலும்பையும் கொதிக்கவைக்கும்போது பியூரினில் ஒரு பங்கு நீரில் இறங்கிவிடுகிறது, சூப்பில் அதையே குடிக்கிறோம். மற்ற மூட்டு வலிக்கு அது எப்படியோ, கவுட் காலுக்கு அது ஆகாது. உணவில் குளிர்ச்சி, சூடு என்று நாம் சொல்வது வேறு, கட்டைவிரல் மூட்டில் வெப்பமானி காட்டும் குளிர்ச்சி வேறு. மோர் குடித்தால் விரலின் வெப்பம் இறங்குவதில்லை. கொழுப்பு எடுத்த மோர் யூரிக் அமிலத்துக்கு நல்லது, வெயில் காலத்தில் நீரும் சேர்கிறது. இந்த ஒரு விஷயத்தையாவது வீட்டில் பெரியவர்களிடம் பொறுமையாகச் சொல்லுங்கள்.

மது விஷயத்தில் பீர்தான் முதல் எதிரி. அதில் பியூரினும் இருக்கிறது, சாராயமும் இருக்கிறது. சாராயம் சிறுநீரகத்தின் வெளியேற்றத்தையும் தடுக்கிறது. தினமும் இரண்டு பீரோ அதற்கு மேலோ குடித்தவர்களுக்கு, மாதம் ஒரு பீர்கூடக் குடிக்காதவர்களைவிடக் கவுட் வாய்ப்பு 2.5 மடங்கு என்று அதே குழுவினரின் இன்னொரு ஆய்வு சொன்னது. ஏற்கெனவே கவுட் உள்ளவர்களுக்கு எந்த மதுவும் அடுத்த நாளே வலியைக் கிளப்பலாம், வைனும் விலக்கல்ல.

சர்க்கரையை நாம் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. சர்க்கரையில் பாதி ஃப்ரக்டோஸ். கல்லீரல் அதை உடைக்கும்போது யூரிக் அமிலம் உண்டாகிறது. இனிப்புக் குளிர்பானம் தினமும் குடிக்கும் ஆண்களுக்குக் கவுட் கூடுதல் என்று 2008-இல் தெரிந்தது. மீனே தொடாத, மதுவே குடிக்காத வீட்டில் கவுட் வரும்போது எல்லோரும் திகைக்கிறார்கள். அவர் தினமும் எத்தனை பாட்டில் குளிர்பானம், எத்தனை கிளாஸ் கரும்புச் சாறு என்று யாரும் கேட்பதில்லை. பண்ருட்டிப் பலாவை விடச் சொல்ல மாட்டேன். சீசனில் நாலு சுளை சாப்பிடலாம், உட்கார்ந்து அரைப் பழத்தை முடிப்பதுதான் தப்பு.

சரி, இதையெல்லாம் கடைப்பிடித்தால் நோய் போய்விடுமா? பெரும்பாலும் போகாது. இதைத்தான் பெரியப்பாவுக்கு யாரும் சொல்லவில்லை. கடுமையான பத்தியம் யூரிக் அமிலத்தை ஏறக்குறைய 1 மில்லிகிராம் இறக்கும். 9-இல் இருப்பவர் 8-க்கு வருவார். 8-உம் எல்லைக்கு மேல்தான். 2018-இல் 16,760 பேரின் தரவை ஆராய்ந்தபோது, மனிதருக்கு மனிதர் யூரிக் அமில அளவு மாறுவதில் உணவுப் பழக்கத்தின் பங்கு 0.3 சதவீதத்துக்கு மேல் இல்லை, மரபணுக்களின் பங்கு சுமார் 24 சதவீதம். ஐரோப்பிய வம்சாவளி அமெரிக்கர்களின் தரவு அது. ஆனாலும் 'வாயைக் கட்டாததால் வந்த நோய்' என்று ஒரு மனிதரை வீடே குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது எவ்வளவு அநியாயம் என்று புரிகிறது. பெரியப்பா வெட்கப்பட்டே இரண்டு வருடம் மருத்துவரிடம் போகவில்லை. எனக்கு இன்றும் மனசு கனப்பது அதை நினைத்துத்தான்.

அப்படியானால் நேற்றைய கவலை மீன் ஒன்றுமே செய்யவில்லையா என்றால், செய்தது. கவுட் உள்ள 633 பேரைப் பார்த்த 2012 ஆய்வில், இரண்டு நாளில் மிக அதிகப் பியூரின் எடுத்தவர்களுக்கு வலி கிளம்பும் வாய்ப்பு ஏறக்குறைய ஐந்து மடங்கு. படிகம் வருடக்கணக்கில் சேர்ந்தது சிறுநீரகத்தால், அன்று இரவு பற்றவைத்தது மீனும் ஐஸ் தண்ணீரும் சேர்ந்து.

ரத்தப் பரிசோதனையில் ஒரு சிக்கல் உண்டு. வலி உச்சத்தில் இருக்கும்போது யூரிக் அமிலம் சரியான அளவில் இருப்பதுபோலக் காட்டலாம். அதைப் பார்த்து 'கவுட் இல்லை' என்று முடிவு செய்துவிடக் கூடாது. வலி அடங்கி இரண்டு வாரம் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும். காய்ச்சலோடு மூட்டு வீங்கினால் அது கிருமித் தொற்றாகவும் இருக்கலாம், உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ரத்தக்கொதிப்புக்குத் தரும் நீர் பிரியும் மாத்திரைகளில் சில யூரிக் அமிலத்தைக் கூட்டும். நாமாக நிறுத்தாமல், மாற்ற முடியுமா என்று மருத்துவரிடம் கேட்கலாம். கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரை சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு ஆபத்து.

கவுட் வலியை அடக்கும் மருந்துகளில் ஒன்று கோல்ச்சிசின். நம் மாநிலப் பூவான செங்காந்தளின் விதையிலிருந்து அதை எடுக்கிறார்கள். மூலனூர், ஒட்டன்சத்திரம், வேதாரண்யம் பக்கம் விவசாயிகள் கண்வலிக் கிழங்கு என்ற பெயரில் பயிரிடுவது இதைத்தான். ஆனால் செடியின் கிழங்கும் விதையும் கொடிய விஷம், உயிரையே எடுத்துவிடும். அளந்து செய்த மாத்திரையாக, மருத்துவர் சொன்ன அளவில் மட்டும்தான் அது மருந்து.

அடிக்கடி வலி வருபவர்களுக்கு யூரிக் அமிலத்தையே இறக்கும் அல்லோபியூரினால், ஃபெபுக்சோஸ்டாட் போன்ற மாத்திரைகள் உண்டு. இலக்கு 6-க்குக் கீழே, கட்டிகள் உள்ளவர்களுக்கு 5-க்குக் கீழே. எல்லை 6.8 என்றிருக்க இலக்கு ஏன் இவ்வளவு தாழ்வாக இருக்கிறது என்று குளிர் கணக்கைப் பார்த்தால் புரியும். கால் விரல் 37 டிகிரியில் இருப்பதில்லை. மாத்திரை தொடங்கிய முதல் சில மாதங்களில், சேர்ந்த படிகம் கரையும்போதே வலி கிளம்பும். அதனால்தான் சில மாதத்துக்குக் குறைந்த அளவு கோல்ச்சிசினையும் சேர்த்துத் தருகிறார்கள். நிறையப் பேர் 'மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை' என்று அந்த இடத்தில்தான் நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தக் கூடாது. தோலில் தடிப்பு வந்தால் மட்டும் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

பெரியப்பாவுக்கு முதல் ஆறு மாதத்தில் இரண்டு முறை வலி வந்தது. தொடர்ந்து சாப்பிட்டார். துறைமுகத்துக்கு இப்போது ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு போகிறார், வீடு வந்ததும் காலைத் துடைத்துக் காயவைக்கிறார், மார்கழியில் காலுறையோடு படுக்கிறார், தலைமாட்டில் ஒரு செம்புத் தண்ணீர். ஞாயிற்றுக்கிழமை கவலை மீன் இரண்டு துண்டு உண்டு. போன பரிசோதனையில் அளவு 6.4. இன்னும் கீழே இறங்க வேண்டும் என்று மருத்துவர் மாத்திரையைக் கொஞ்சம் கூட்டியிருக்கிறார், மூன்று மாதம் கழித்துத் திரும்ப ரத்தம் எடுக்க வேண்டும்.